பாட்டின் நடுவில் என் பேர்

செலின், நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. விளக்கு வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுக்களையில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், ஒரு சத்தம் கேட்டது. காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதுகிற மாதிரி. கூடவே தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்டு முட்டுகிற மாதிரி. மனுஷக் குரலா என்றால் இல்லை. மிருகமா என்றால் அதுவும் இல்லை. நிற்கும், திரும்ப வரும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் வெங்காயக் கத்தி, அப்படியே சத்தம் வந்த பக்கம் போனேன். நம் கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் எதைக் கீழே போடச் சொல்லியிருப்பார்களோ தெரியாது.

குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே என் புருஷன். சட்டை இல்லாமல் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பெரிய வில். நம்ம ஊர் வில்லுப்பாட்டு வில் மாதிரிதான், ஆனால் மணி கிடையாது, நடுவில் ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கிறது. குடுக்கையின் வாயை வெறும் மார்பில் வைத்து அமுக்குவதும் விடுவதுமாக, கம்பியைக் குச்சியால் தட்டிக்கொண்டிருக்கிறார். கண் மூடியிருக்கிறது.

"என்னங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தார். கத்தியைப் பார்த்தார். "ஜெனோ, இந்த ரூம்லதான் எதிரொலி நல்லா வருது" என்றார்.

என் கல்யாண வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. நீ கான்வென்ட் பொன்விழா மலருக்கு இரண்டு பக்கம் கேட்டாய். "நம்ம ஜெனோவாவின் வீட்டுக்காரர் ஆப்பிரிக்க இசைக் கலைஞர், அவர் முன்னேறின கதையை எழுதிக் கொடுடீ, பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றாய். மூன்று வாரமாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். பகலில் பிரிட்டோ விடமாட்டான். ஏழு மாதம் ஆகிறது, தவழ்ந்து வந்து பேனாவைப் பிடுங்குகிறான். இப்போது தூங்குகிறான். அவர் நியூகாசில் என்ற ஊரில் கச்சேரியில் இருக்கிறார். நான் மட்டும்தான். பயமெல்லாம் இல்லை. மலருக்கு வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்தைக் கிழித்துப் போடு.

சரி, எழுதிக்கொள். பெயர் சாக்ரன் முனுசாமி. பிறந்தது டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த். இந்தியர்களை எல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்க வெள்ளைக்கார அரசாங்கம் கட்டின ஊர். அப்பா முனுசாமி பஸ் டிரைவர். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. தமிழ் வராது. வருகிற தமிழ் கோயிலில் கேட்டதும் அடுக்களையில் கேட்டதும்தான்: அரோகரா, ரசம், கஞ்சி, சனியன். எங்களுக்குள் இங்கிலீஷ்தான். நம்ம ஸ்கூல் ஹாலில் வாசிக்க வந்தபோது நான் மொழிபெயர்த்தேனே, நீதானே மைக்கைப் பிடித்தாய். அன்றைக்கு அவர் சொன்னதைவிட நான் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்று நீ கிள்ளினாய்.

அவர் அப்பாவின் பஸ்ஸில் யாரோ ஒரு கான்செர்டினாவை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கைக்குள் மடங்குகிற சின்ன ஆர்மோனியம் என்று வைத்துக்கொள். ஆறு மாதம் யாரும் தேடி வரவில்லை. ஒன்பது வயதுப் பையன் கைக்கு வந்தது. அதுதான் முதல். பிறகு கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு. தமிழ் சினிமாப் பாட்டெல்லாம் அர்த்தம் தெரியாமலே வாசித்தாராம், சோகப் பாட்டுக்கு மாப்பிள்ளை பெண்ணை ஆடவிட்டாராம். இருபது வயதில் செருப்பு ஃபாக்டரி வேலை. பக்கத்து மெஷினில் பெக்கி என்று ஒரு ஸுலுக்காரர், இந்த மண்ணின் ஆள், இவர் வயசுதான். சாப்பாட்டு மணி அடித்தால் பெக்கி சாப்பிட மாட்டாராம், கிதாரை எடுத்துவிடுவாராம். ஊரிலிருந்து நடந்து நடந்து வேலை தேடி வந்தவர்கள் வழியெல்லாம் வாசித்துக்கொண்டு வந்த கிதார். மஸ்கண்டா என்று அந்த இசைக்குப் பேர். இவர் தன் சாப்பாட்டை பெக்கிக்குக் கொடுத்துவிட்டுக் கிதாரை வாங்கிக்கொண்டார். "ஒரு வருஷத்துல பெக்கி குண்டாயிட்டான், நான் வித்வான் ஆயிட்டேன்" என்பார். மேடையிலும் இதையே சொல்வார். எல்லா மேடையிலும்.

கிதாருக்குப் பிறகு வயலின். பிறகு நம்ம மோர்சிங் மாதிரி ஒன்று, பல்லில் வைத்து வாசிக்கிறது. பிறகு உதட்டில் வைத்து வாசிக்கிற சின்ன வில். கடைசியாக இந்தச் சுரைக்குடுக்கை வில். ஆக ஆறு வாத்தியம், கீபோர்டைச் சேர்க்காமல். இரண்டு ஆல்பம். இரண்டாவதற்குப் பரிசு. பிரான்சுக்குப் போனார், ஜப்பானுக்குப் போனார். இதை எல்லாம் மலரில் போடு.

இதைப் போடாதே. அந்தக் குடுக்கை வில் பொம்பளைகள் வாத்தியம். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்கள் மனசில் கிடக்கிற குறையை அதில்தான் சொல்லிப் பாடுவார்களாம், இவனை நம்பினேன், அவன் வரவில்லை என்று. ஆம்பளை எடுத்தால் ஜனம் சிரிக்கும். இவர் எடுத்தார், முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு பரிசு கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் குறைப்பாட்டு பாடுகிறவர் அவர். குறை எனக்கு. குற்றமாகச் சொல்லவில்லை.

இப்போது மெயினான விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கண்டா பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். கிதார் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டு நின்றுவிடும். பாடுகிறவர் மூச்சு விடாமல் கடகடவென்று பேசுவார். நான் இன்னார், இன்னாருடைய மகன், இன்ன மலையடி, இன்ன ஆற்றுத் தண்ணி குடித்து வளர்ந்தேன், எங்கள் ஊருக்கு இப்படிப் போகணும், அங்கே இன்ன கடை இருக்கும், அதுக்குப் பின்னால் என் வீடு. எல்லாப் பாட்டிலும் உண்டு. தன்னைச் சொல்லாதவன் பாட்டை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். எங்கிருந்து வந்தான் என்று தெரியாதவன் என்னத்தைப் பாடுவான் என்பார்கள்.

இவர் பேர் எடுத்ததே அந்த இடத்தில்தான். ஓர் இந்தியன் எழுந்து நின்று சுத்தமான ஸுலுவில், "நான் பஸ் டிரைவர் முனுசாமியின் மகன், உம்லட்டுஸானா ஆற்றுத் தண்ணி குடித்தவன், எங்கள் ஆற்றில் மீன் கிடையாது, ஃபாக்டரிச் சாயம்தான் உண்டு, அதனால்தான் எனக்கு இந்த நிறம்" என்று ஆரம்பித்தால் கூட்டம் எழுந்து நிற்கும். எனக்கு ஸுலு தெரியாது. ஆனால் அந்த இடம் வந்தால் தெரிந்துவிடும். பேர்கள் மட்டும் காதில் விழும். முனுசாமி. பெக்கி. சாட்ஸ்வொர்த். டைகர்.

டைகர் எங்கள் நாய்.

கல்யாணமாகி நாலு மாதம் கழித்துக் கேட்டேன். "நாய் பேர் வருது. என் பேர் வரலையே?"

சிரித்தார். "டைகர் உனக்கு முன்னாடியே இந்த வீட்ல இருக்கான், ஜெனோ. சீனியர்."

பிரிட்டோ பிறந்த பிறகும் கேட்டேன். அப்போது சிரிக்கவில்லை. "அதெல்லாம் உட்கார்ந்து எழுதுறது இல்லை. வர்ற நேரத்துல வரும்" என்றார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன், செலின். வெளியூர்க் கச்சேரி ரேடியோவில் நேரடியாக வரும்போதெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பாட்டு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த இடம் எப்போது வரும் என்று இருப்பேன். வரும். முனுசாமி, பெக்கி, டைகர், போய்விடும். கூட்டம் கை தட்டும். நான் ரேடியோவை அணைத்துவிட்டுப் பிள்ளைக்குத் துணி மாற்றுவேன். எனக்கு இந்த ஊரில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு எதில் என் பேர் இருக்கிறது, சொல். கரண்ட் பில்லில்கூட இல்லை.

மாதத்தில் இருபது நாள் அவர் வெளியூர். எனக்கு இங்கே யாரும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் நான் சர்ச்சுக்காரி என்பார்கள், சர்ச்சில் நான் இந்தியாக்காரி. பேசுகிறது பக்கத்து வீட்டு டாலி ஆன்ட்டி ஒருத்தர்தான். கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மதிலுக்கு மேலே தலை மட்டும் தெரியும். காலையில் குட்மார்னிங் சொல்லமாட்டார். "மகளே, மூணாவது தெருவுல நேத்து புகுந்துட்டானுங்க, டிவி போச்சு" என்பார். மறுநாள், "அஞ்சாவது தெருவுல." எனக்கு வீதியின் கணக்கே அப்படித்தான் தெரியும், எது எது போயிற்று என்று. ஜன்னலுக்குக் கம்பி, கேட்டுக்குப் பூட்டு, கதவுக்கு வெளியிலிருந்து சாவி. உள்ளே ஒரு பெரிய தாழ்ப்பாள் உண்டு. அதை மட்டும் போடக்கூடாது. அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. விடிகாலை மூன்று மணிக்கு ஆறு வாத்தியத்தோடு வந்து நிற்பார். "நீ தாழ்ப்பாளைப் போட்டா நான் தட்டணும், தட்டினா புள்ள எழும்பும்" என்பார். நியாயம்தானே. அதனால் ஆறு மாதம், ஏழு மாதம், போடாமலே படுத்தேன். படுத்தேன் என்றுதான் சொல்கிறேன், தூங்கினேன் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் டைகரும் செத்துவிட்டது. போனில் சொன்னபோது அவர் அழுதார். நான்தான் குழி வெட்டினேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. டண்டி என்ற ஊரில் பெரிய விழா, ரேடியோவில் நேரடி. கிதார் தொடங்கியது. அந்த இடம் வந்தது. முனுசாமி என்றார். பெக்கி என்றார். டைகர் என்றார், குரல் ஒரு மாதிரி ஆயிற்று. நான் அணைக்கக் கையை நீட்டிவிட்டேன்.

ஜெனோவா என்றார்.

செலின், நான் எழுந்து நின்றுவிட்டேன். தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி. தூத்துக்குடி என்றார். அவர் வாயில் தூத்துக்குடி வராது, 'டூட்டுகுடி'தான், அப்படித்தான் வந்தது. பிரிட்டோ என்றார். எங்கள் ரோட்டின் பேரும் வந்தது. நிறுத்தவே இல்லை, போய்க்கொண்டே இருக்கிறார், எல்லாம் எங்களைப் பற்றித்தான். கூட்டத்தில் பொம்பளைகள் எல்லாம் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுகிறார்கள். நான் பிள்ளையைத் தூக்கி, "கேட்டியாலே, அப்பா நம்மளைச் சொல்லுறார்" என்று சுற்றினேன். அவன் சிரித்தான்.

அப்போது மதிலுக்கு மேலே டாலி ஆன்ட்டியின் தலை. கடை வைத்திருந்தவர், ஸுலு தண்ணீராக வரும். முகம் வெளுத்திருந்தது.

"மகளே! உன் புருஷனுக்குப் பைத்தியமா?"

"என்ன ஆன்ட்டி, நல்லாத்தானே சொன்னார்?"

"என்ன சொன்னான் தெரியுமா? வீடு இந்த ரோட்ல, ரெண்டாவது வேகத்தடை தாண்டி, பச்சை கேட்டுன்னு சொன்னான். டைகர் செத்துட்டான், காவலுக்கு நாய் இல்லைன்னு சொன்னான். உள்ள ஜெனோவா இருக்கா, கடல் தாண்டி வந்தவ, அக்கா தங்கச்சி இல்லாதவ, பேச ஆள் இல்ல, மாசக்கணக்கா என் மகனோட தனியா உட்கார்ந்திருக்கா, நான் ஊர் சுத்துறேன், வர நாளாகும்னு சொன்னான். மாகாணம் பூராவும் கேட்டுச்சு, மகளே! கள்ளனுக்கு மேப் போட்டுக் குடுத்துட்டான்!"

நீ சிரிக்காதே. நான் கேட்டது என் பேரைத்தான். என் தனிமையையும் சேர்த்தா கேட்டேன்? அதை அவர் எப்போது பார்த்தார் என்றும் எனக்குப் புரியவில்லை. ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லையே.

அன்று ராத்திரி சோபாவை இழுத்துக் கதவில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. டாலி ஆன்ட்டி கோயிலுக்குப் போய்விட்டார். பதினோரு மணி இருக்கும், கேட்டில் சத்தம். திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். ஐந்து ஸுலுப் பொம்பளைகள். வேனில் வந்திருக்கிறார்கள், வேன் எதற்கு, நீயே சொல். சர்ச் யூனிஃபார்ம் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் நம்ப முடியுமா? ஒருத்தி தலையில் பெரிய பூசணிக்காய். ஒருத்தி கையில் உயிர்க்கோழி. ஒருத்தி சுருட்டின கோரைப்பாயைத் தோளில் வைத்திருந்தாள். "மகோட்டி! மகோட்டி!" என்று கூப்பிட்டார்கள். மருமகளே என்று அர்த்தமாம், அப்போது எனக்குத் தெரியாது. பிறகு, "மா பிரிட்டோ!" என்றார்கள். பிரிட்டோ அம்மா என்று.

நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் பிள்ளையோடு படுத்துக்கொண்டேன். அவன் சத்தம் போடாமல் இருக்கப் பால் கொடுத்தேன். அவர்கள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து பேரும், கையைத் தட்டி, ஆளுக்கு ஒரு குரலில். பாட்டு நடுவில் ஜெனோவா வந்தது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் வாங்கிச் சொல்ல. ஜெனோவா, ஜெனோவா. பிரிட்டோ பாலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான். நான் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். தரையில் என் கன்னம் ஜில்லென்று இருந்தது. அரை மணி நேரம் பாடினார்கள். பிறகு வேன் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பூசணியையும் பாயையும் கேட் மேல் வழியாக உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள். கோழியைக் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு துண்டுத்தாளில் போன் நம்பர். நான் எதையும் தொடவில்லை. டாலி ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, "இப்படித்தான் வேவு பார்ப்பானுங்க. சாமானைக் குடுத்து வீட்டை அளப்பானுங்க" என்றார். சொல்லிக்கொண்டே கோழியை அவிழ்த்தார். "உயிரைப் பட்டினி போட்டா பாவம், மகளே." சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கறி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பூசணியைத் திங்கட்கிழமை குரங்குகள் உடைத்துத் தின்றுவிட்டன. பாய் மழையில் நனைந்துகொண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அழகான பாய். ஓரத்தில் சிவப்பு நூல் போட்டிருக்கிறது. ஜன்னலிலிருந்து தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவர் போனில் வந்தார். நான் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"வந்தாங்களா? நெசமாவே வந்தாங்களா? ஜெனோ, பாட்டுல ஒருத்தி தனியா இருக்கான்னு கேட்டுட்டு சும்மா இருக்க அவங்களால முடியாது. அதுதான் மரியாதை. பாய் கொண்டு வந்தாங்கன்னா உன்னை வீட்டுப் பொண்ணா எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தாங்க? என்ன பாடினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மேசைக்கு அடியில கிடந்தேன்."

"அஞ்சு குரலா? கூப்பிட்டுப் பதில் சொல்ற மாதிரியா? ரெக்கார்டர் ஷெல்ஃப் மேலதானே இருந்துச்சு, ஆன் பண்ணினியா?"

ரெக்கார்டர் இருந்த ஷெல்ஃபைப் பார்த்தேன்.

"ஹலோ? ஜெனோ? சரி விடு. அவங்க திரும்ப வருவாங்க, ஒரு தடவையோட விடமாட்டாங்க. அப்ப கதவைத் திற. வியாழக்கிழமை ராத்திரி நான் வந்துடுவேன். மூணு, நாலு மணி ஆகும். தாழ்ப்பாள் போட்டுடாத, என்ன?"

"நீங்க என்னைப் பத்திப் பாட்டுல சொன்னதை என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க" என்றேன். "இங்கிலீஷ்ல போதும்."

"அது அங்க வந்ததும்மா. திரும்ப வராது" என்றார். பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல வரவில்லையாம். குற்றமாகச் சொல்லவில்லை. கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று மலரில் நீயே ஒரு வரி சேர்த்துக்கொள்.

இன்றைக்கு வியாழன் ராத்திரி. மணி ஒன்றே கால். இன்னும் இரண்டு மணி நேரத்தில் வேன் வரும். வாத்தியங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார், குடுக்கை வில்லைக் கடைசியாக. சாவியைப் போட்டுத் திருப்புவார். திறக்காது. திரும்பவும் திருப்புவார். பிறகு தட்டத்தான் வேண்டும். பிள்ளை எழும்பினால் எழும்பட்டும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, யாரது என்று கேட்பேன். சாக்ரன் என்றால் போதாது. முனுசாமியின் மகன் என்று ஆரம்பித்தால் அந்த ஆற்றுத் தண்ணி வரைக்கும் போவார், அதுவும் எனக்கு வேண்டாம். யாருடைய புருஷன், யாருடைய அப்பா, உள்ளே இருக்கிறவள் எப்படி இருக்கிறாள், அதைச் சொல்லட்டும். வாத்தியம் இல்லாமல், கூட்டம் இல்லாமல், தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னாலும் சரி. சொல்லுகிற வரைக்கும் நான் நிற்பேன்.

பேனாவை வைத்துவிட்டுப் போனேன். தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது, ஏழு மாதமாக யாரும் தொடாதது. தேங்காயெண்ணெய் விட்டேன். உள்ளங்கையால் இரண்டு குத்து குத்தினேன், மூன்றாவதில் நகர்ந்தது. ஜன்னல் வழியாக அந்தப் பாயை ஒரு தடவை பார்த்தேன். பிறகு முழுதாகத் தள்ளினேன். போட்டாயிற்று, செலின்.